மலைக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு: ஊர்க்கூட்டம், எல்லை, தராசு

சென்னையில் தயாராகும் மலைத் திட்டங்களில் முதல் வரி பெரும்பாலும் மரக்கன்றாகத்தான் இருக்கும். பத்தாயிரம் கன்று, ஒரு பேனர், ஒரு ட்ரோன் படம். மலையூரில் அந்தக் கன்றைப் பார்க்கிறவர் கேட்பது வேறு: “இது வளர்ந்தா யாரு மரம்? காய் யாருக்கு?” இதற்குப் பதில் சொல்லாமல் நட்ட கன்று அடுத்த கோடையைத் தாண்டாது. ஆடு தின்றுவிட்டது என்று அறிக்கையில் எழுதுவார்கள். பாவம் ஆடு.

சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்புப் பணத்தோடு போகிற நிறுவனங்கள், தன்னார்வக் குழுக்கள், தேனும் புளியும் சாமையும் வாங்கி நகரத்தில் விற்கும் கடைக்காரர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். சென்னையிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் ஜவ்வாது மலையை மனதில் வைத்தே பெரும்பாலும் பேசுகிறோம். நீலகிரி, சத்தியமங்கலம், ஆனைமலைப் பக்கம் நடைமுறை மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம். வேலையின் வரிசை இது: ஊர்க்கூட்டம், அடுத்து எல்லை, அதன் பிறகு தராசு. கன்று வேண்டுமா என்பதை ஊர் பிறகு சொல்லும்.

பஸ் ஏறும் முன்

தமிழ்நாட்டில் பட்டியலிடப்பட்ட பழங்குடிச் சமூகங்கள் 37. 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் 7.94 லட்சம். இதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மலையாளிகள்; ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, பச்சமலை, சித்தேரி மலைகளில் இருப்பவர்கள் இவர்கள்தான். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். இவர்கள் சாமையும் ராகியும் விதைக்கும் விவசாயிகள். காட்டுப்பொருள் சேகரிப்பு இவர்களுக்குப் பக்க வருமானம். ஆனைமலைக் காடர்களுக்கும் நீலகிரிக் காட்டுநாயக்கர்களுக்கும் காடுதான் முதல் வருமானம். ஒரே திட்ட அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இரண்டு இடத்துக்கும் அனுப்பினால் இரண்டு இடத்திலும் தோற்கும்.

சாதிச் சான்று விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. சேலம், தருமபுரி, பழைய வடஆற்காடு, தென்ஆற்காடு, திருச்சி மாவட்டங்களின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளிகள் பட்டியலில் இல்லை. பட்டியல் போட்டபோது அந்தப் பகுதி கோவை மாவட்டத்தில் இருந்ததால் வந்த வினை. இதன் விளைவு வன உரிமைச் சட்டப்படி மனு போடும்போது தெரியும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து அங்கு வசிப்பதைக் காட்டினால் போதும். பர்கூர்க்காரர் ‘பிற பாரம்பரிய வனவாசி’ என்ற வரிசையில் நின்று, அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எந்த ஊருக்குப் போகிறோம் என்று முடிவானதுமே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஜார்கண்ட், ஒடிசா அறிக்கைகளிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரசியலமைப்பு பழங்குடிப் பகுதி என்று தனியே அறிவிக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கான பெசா சட்டம் இங்கே செல்லாது. அறிக்கையில் அந்த வார்த்தை இருந்தால், எழுதியவர் மலை ஏறவில்லை என்று மாவட்ட அலுவலகத்தில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிலம் எந்த வகை என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடா, புலிகள் காப்பகமா. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனத்துறைத் தலைமையகம் கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருந்தாலும், உங்களுக்கு வேண்டிய கடிதம் அந்தந்தக் கோட்டத்தின் மாவட்ட வன அலுவலரிடமிருந்துதான் வர வேண்டும். மாசி முதல் சித்திரை வரை காட்டுத் தீக் காலம். அப்போது நடைப்பயணம் கேட்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.

இன்னும் ஒரு தயாரிப்பு, வரலாறு. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்து செய்த கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்க்காரர்கள். ‘காட்டு மேலாண்மை’ என்று நீங்கள் சொல்லும்போது எதிரில் இருப்பவர் காதில் என்ன விழுகிறது என்பதற்கு இவை போதும். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் தடவை வனத்துறை ஜீப்பிலும் போய் இறங்காதீர்கள்.

முதல் மூன்று பயணம்

வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு திரும்பும் கணக்கு உங்களுடையது. ஊருக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். பகலில் ஊரில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். கூட்டம் என்றால் இரவு சாப்பாடு முடிந்த பிறகு, ஏழரை எட்டு மணிக்கு மேல். அன்றிரவு ஊரிலேயே தங்க வேண்டி வரும். அதற்குத் தயாராகப் போங்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது? மலையாளி ஊர்களில் ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே பல ஊர்களுக்குச் சேர்த்து நாட்டார். இருளர், காடர் ஊர்களில் மூப்பன். காணிக்காரர்களிடம் மூட்டுக்காணி. ஊராட்சித் தலைவரைப் பார்த்துவிட்டு ஊர்த் தலைவரை விட்டால் மனத்தாங்கல் வரும். ஊர்த் தலைவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பெண்களின் குரலும், நிலமில்லாத வீடுகளின் குரலும் கடைசிவரை வராது. அதனால் இரண்டாவது பயணத்தில் ஒரு பெண் பணியாளரை அழைத்துப் போய், தண்ணீர் எடுக்கும் இடத்திலோ சாமை புடைக்கும் களத்திலோ பெண்களோடு தனியாகப் பேச வையுங்கள். எந்தப் பொருளை யார் எடுக்கிறார், யார் விற்கிறார், காசு யார் கைக்கு வருகிறது என்ற மூன்று கேள்விக்கும் ஆண்கள் கூட்டத்தில் ஒரு பதில், இங்கே ஒரு பதில் வரும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வயதில் மூத்தவரை ‘நீ’ என்பது, ‘மலைஜாதி’ என்பது, கேட்காமல் போட்டோ எடுப்பது ஆகிய மூன்றும் கூடாது. அண்ணா, அக்கா, தாத்தா, பாட்டி என்ற சாதாரண முறையே போதும்.

மூன்றாவது பயணத்தில் பருவ அட்டவணை போடலாம். சார்ட் பேப்பர் வேண்டாம். எழுதத் தெரிந்த இரண்டு பேர் பேனாவைப் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள்: வேலைக்கு ஒரு வரிசை, வருமானத்துக்கு ஒரு வரிசை, கடனுக்கு ஒரு வரிசை. ஆடி மாதம் விதைப்பு வேலை, கையில் காசு இல்லை. கடன் வரிசையில் கொட்டை குவியும். தை அறுவடை முடிந்ததும் சமவெளிக்குக் கூலிக்கு இறங்குகிறார்கள். மாசி பங்குனியில் புளி. உங்கள் திட்டத்தின் பணம் எந்த மாதத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்தக் கொட்டைகள் சொல்லிவிடும். சென்னை அலுவலகத்தின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக மார்ச்சில் பயிற்சி வைத்தால் வருவதற்கு ஆள் இருக்காது.

ஊர்க்கூட்டத்துக்குச் சட்டத்தில் இருக்கும் பலம்

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தனிநபர் நிலத்துக்கானது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தனிநபர் பட்டா அதன் ஒரு பகுதி. உச்சவரம்பு 4 ஹெக்டேர், படிவம் ஏ. ஊர் முழுவதற்குமான மேய்ச்சல், சிறுவனப்பொருள், நீர்நிலை உரிமைகளுக்குப் படிவம் பி. வழிவழியாகக் காத்துப் பயன்படுத்திய காட்டை நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி; இதுதான் பிரிவு 3(1)(ஐ). உங்கள் வேலைக்கு அடித்தளம் இந்தக் கடைசிப் படிவம். இது இல்லாமல் செய்யும் காட்டு மேலாண்மை, அடுத்த அதிகாரி மாறியதும் முடிந்துபோகும் தயவு.

செய்யும் முறை இது. வன உரிமைக்கான கிராம சபையை ஊராட்சி முழுவதற்குமாகக் கூட்டக் கூடாது. ஒரு ஊராட்சியில் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் மலையில், ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நடந்து வர முடிந்தவர்கள் எடுக்கும் முடிவு மற்றவர்களைக் கட்டாது. 2012 திருத்த விதிகளின் 2ஏ பிரிவு, குக்கிராமங்களைத் தனித்தனியே பட்டியலிடச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குக்கிராமத்தின் வயதுவந்தோரில் பாதிப் பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். அங்கே வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்த எண்களில் ஒன்று குறைந்தாலும் பின்னால் மனுவைத் தள்ளுபடி செய்ய ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே வருகைப் பதிவில் பெயர், வயது, கையெழுத்து அல்லது கைநாட்டு, மூன்றும் இருக்கட்டும். கைநாட்டுக்குப் பக்கத்தில் பெயரை எழுதியவர் யார் என்றும் போடுங்கள்.

தீர்மானப் புத்தகம் பக்க எண் அச்சிட்டதாக இருக்க வேண்டும். தீர்மானத்தை எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து. ‘கையெழுத்தை இப்ப வாங்கிக்குவோம், விஷயத்தை அப்புறம் எழுதிக்கலாம்’ என்று அவசரப்படும் குழுக்கள் உண்டு. வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து என்றைக்காவது வெளியே வரும். அன்றோடு அந்த மலையில் உங்கள் வேலை முடிந்தது. புத்தகம் ஊரிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் போட்டோ போதும்.

ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். செயற்கைக்கோள் படம் துணைக்குத்தான். அது இல்லை என்பதற்காக மனுவைத் தள்ள முடியாது. பழைய கிணறு, சுடுகாடு, கோயில் இருக்கும் இடம், மனுதாரர் அல்லாத முதியவர் சொல்லி எழுதிய வாக்குமூலம், எல்லாம் விதி 13-இன் கீழ் செல்லும். குழு நேரில் பார்க்கும் நாளுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் வராமல், பின்பு ஆட்சேபணை எழுப்பினால் மனு மறுபடி கிராம சபைக்கே வரும். இரண்டாம் முறையும் வராவிட்டால் கள ஆய்வில் கிராம சபை எடுத்த முடிவே இறுதி. அந்த ஒப்புதல் சீட்டு ஒன்று காணாமல் போனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும், பத்திரமாக வையுங்கள். வருவாய்க் கோட்ட அளவிலான குழு நிராகரித்தால் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள் உண்டு.

வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் கிராம வனக் குழு ஏற்கெனவே பல ஊர்களில் இருக்கும். 1997-இல் ஜப்பான் கடனில் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டக் காலத்தில் உருவானவை பல. அதை எதிரியாகப் பார்க்க வேண்டாம், ஆனால் கிராம சபைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதன் பழைய சுழல்நிதிக் கணக்கில் என்ன மிச்சம் இருக்கிறது, யார் திருப்பவில்லை என்று ஊர் முன்னிலையில் முதலில் தீர்த்துக்கொண்டால் புதுக் குழு சண்டையில்லாமல் தொடங்கும்.

எல்லையை நடந்து பார்ப்பது

படிவம் சி-க்கு எல்லை வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் கோடு போட்டு முடிக்க முடியாது. ஐந்தாறு பேர் போதும்: இரண்டு முதியவர், காட்டுக்கு அடிக்கடி போகும் இரண்டு பெண்கள், ஆடு மேய்க்கும் ஒரு பையன், போனில் ஜிபிஎஸ் பிடிக்கும் ஒருவர். பகல் நேரம் போவதால் அன்றைய கூலியை எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுங்கள். மாலைக் கூட்டத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த கூட்டம் காசுக்காகவே நடக்கும்.

பெரியவர் முன்னால் நடப்பார். ஒரு வழுக்குப் பாறையில் நின்று, “இதுக்கு அந்தாண்ட மேலூராங்க. அவங்க மாடு இந்த ஓடை வரைக்கும் வரும், தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிடும்” என்பார். அந்த வாக்கியத்தில் இரண்டு கோடு இருக்கிறது. பாறை உரிமை எல்லை. ஓடை பகிர்ந்து பயன்படுத்தும் எல்லை. ஜிபிஎஸ் பிடிக்கிறவர் பாறையை மட்டும் குறித்துவிட்டு ஓடையை விட்டால், ஆறு மாதத்தில் மேலூரோடு தகராறு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஊர் வைத்த பெயர், அது எந்தப் பயனுக்கு, பக்கத்து ஊர் அதை எப்படிச் சொல்கிறது என்று மூன்றும் எழுத வேண்டும். முடிவில் பக்கத்து ஊர்க்காரர்களை அழைத்து அவர்கள் பக்கத்து எல்லையை அவர்களே நடக்கட்டும். கோடு பொருந்தாத இடம் வந்தே தீரும். அந்த இடத்துக்குப் பொதுப் பயன்பாடு என்று இரண்டு கிராம சபையும் தீர்மானம் போடலாம். எல்லைத் தகராறை மறைத்து வரைந்த வரைபடம் மாவட்டக் குழுவில் சிக்கும்.

காட்டில் செய்யும் வேலை

உரிமை வந்த பிறகு, விதி 4(1)(இ)-இன் கீழ் கிராம சபை ஒரு குழு அமைத்து மேலாண்மைத் திட்டம் எழுதும். முதல் ஆண்டுக்கு இரண்டு வேலை போதும்.

ஒன்று உண்ணிச்செடி, அதாவது காட்டை மூடிப் பரவும் லாண்டானா களை. வெட்டினால் ஆத்திரத்தோடு தழையும். அரிவாளால் தரைக்கு மேலே வெட்டி, ஹெக்டேர் கணக்குக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு போவதுதான் பல இடத்தில் நடக்கிறது. அடுத்த மழையில் நான்கு மடங்கு. சரியான முறை: கிளைகளை ஒதுக்கி, தூரை ஒட்டி மண்ணைச் சீய்த்து, தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டி, தூரோடு பெயர்த்து, வேர் மேலே இருக்கும்படி புதர் மீதோ மரக்கிளையிலோ தலைகீழாகப் போட வேண்டும். மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் பிடிக்கும். காய் பழுக்கும் முன் இதை முடிக்க வேண்டும். பழத்தைப் பறவை தின்று விதையைப் பரப்பிவிடும். பெயர்த்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவி, இரண்டு மழைக்காலம் முளைக்கும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். ஆகவே பட்ஜெட்டில் முதல் ஆண்டுக் கூலி மட்டும் போட்டால் பணம் பாழ். ஓராண்டுக்கு நூறு ஹெக்டேர் என்பதை விட, மூன்று ஆண்டுக்குப் பத்து ஹெக்டேர் என்று எழுதுங்கள்.

இரண்டாவது நெல்லி மரத்துப் புல்லுருவி. காய் பறிக்கப் போகும்போதே புல்லுருவி ஏறிய கிளையை, அது ஒட்டிய இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் மரம் தேறும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள், பழைய தரைத்தீ வழக்கம் நின்றதால்தான் புல்லுருவி பெருகியது என்று சொல்லி வந்தார்கள். ஆய்வாளர்கள் அதைப் பிறகுதான் காது கொடுத்துக் கேட்டார்கள். அதற்காக நீங்கள் போய்த் தீ வைக்கச் சொல்லாதீர்கள், அது இன்றைக்கும் குற்றம்தான். ஊர் சொல்வதை எழுதி வைத்து, வனத்துறையோடு பேசும் மேசையில் வையுங்கள்.

பொருள்: கிழங்கு, தேன், புளி

மயிலாப்பூர் மாட வீதியில் தைமாத வாக்கில் விற்கும் மாகாளிக்கிழங்கு, ஊறுகாய்க்கு வாங்கும் வீடுகளுக்கு ஒரு பருவச் சுகம். மலையில் அது ஒரு செடியின் உயிர். உலக அளவில் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிட்ட கொடி இது. நன்னாரி என்ற பெயரிலும் இதே வேர் கலந்து விற்பனையாகிறது. பாறை இடுக்கில் தூரைச் சுற்றிக் கொத்தாகக் கிழங்கு ஓடும். மொத்தக் கொத்தையும் தோண்டி எடுத்தால் அந்த இடத்தில் இனிச் செடி இல்லை. ஊர் விதியாக வைக்க வேண்டியது: தூரின் ஒரு பக்கம் மட்டும் தோண்டு; நடுத்தூரைத் தொடாதே; விரல் பருமனுக்குக் கீழான கிழங்கை விடு; தோண்டிய குழியை மண் போட்டு மூடிக் கல்லை வை; அந்தச் சரிவுக்கு மூன்று நான்கு ஆண்டு திரும்பாதே. காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்த பிறகே தோண்டலாம். சென்னை வியாபாரி தடித்த கிழங்குக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்தாலே இந்த விதி பாதி நிறைவேறிவிடும். ‘கலந்து எடுத்துக்கறேன்’ என்று சொல்பவர்தான் காட்டைக் காலி செய்கிறார்.

தேனில் கெடுவது ஈரத்தால். உணவுப் பாதுகாப்புத் தரப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழைக்கால மலைத்தேன் சுலபமாகத் தாண்டும். நொதித்து, கடை அலமாரியில் மூடி உப்பி நிற்கும். வாடிக்கையாளர் ‘கலப்படம்’ என்பார். ஈரப்பதம் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டர் ஒன்றை ஊரில் கொடுத்து, அவர்களே ஒவ்வொரு கேனையும் பார்க்கப் பழக்குங்கள். மெழுகு மூடிய அறைகள் இருக்கும் பாகத்தை மட்டும் அறுக்க வேண்டும். பெருந்தேனீயின் அடையில் தேன், கிளையை ஒட்டிய தடித்த தலைப் பக்கத்தில் இருக்கும், கீழே புழு. புழு அடையை விட்டால் கூட்டம் தேறும். கையால் மொத்தமாகப் பிழிந்தால் புழுச் சாறும் கலந்து தேன் சீக்கிரம் புளிக்கும். பழைய மண்ணெண்ணெய் டின், பெயிண்ட் வாளி வேண்டவே வேண்டாம், வாசனை போகாது. மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு போதும். துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்து, மேலே மிதக்கும் மெழுகை எடுத்துவிட்டு அடைக்க வேண்டும். காய்ச்சக் கூடாது.

பாறையில் இறங்கித் தேனெடுக்கும் சமூகங்கள் பலவற்றில் மேலே கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனர். தன் தங்கையின் தாலி கயிற்றில் தொங்குவதால் கையை விடமாட்டார் என்பது கணக்கு. பாதுகாப்புப் பயிற்சி என்று போய் ஆட்களைக் குலுக்கல் முறையில் குழு பிரித்துவிடாதீர்கள். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் கொடுங்கள், கயிறு யார் கையில் என்பதை அவர்களிடம் விடுங்கள்.

புளியில் ஏமாற்று நடப்பது கணக்கில். ஓட்டோடு 100 கிலோ புளியில் சுமார் 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, 11 கிலோ ஓடும் நாரும். ஓட்டோடு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய்க்கு வாங்கியது 55 கிலோ சதை, அதாவது கூலிக்கு முன்பே கிலோ 54 ரூபாய் 55 காசு. உடைத்துக் கொட்டை எடுக்க நான்கு ஆள் நாள், நாளுக்கு 400 என்றால் 1,600 சேரும். கிலோ 83 ரூபாய் 64 காசு. காய்ந்து குறையும் எடை, சாக்கு, லாரி வாடகை இதற்கு மேல். கொட்டை விற்ற காசை மட்டும் கழிக்கலாம். இந்தக் கணக்கை ஊரில் பத்துக் கிலோ புளியை உண்மையாகவே உடைத்து, அவர்கள் கண் முன் போட்டுக் காட்டுங்கள். சதை எடுத்து விற்றால் லாபம் என்று பயிற்சியாளர் சொல்லும்போது, எத்தனை ரூபாய்க்கு மேல் விற்றால் என்று கேட்க அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தராசும் முன்பணமும்

ஊருக்கு ஒரு மின்னணுத் தராசு, முத்திரை போட்டது, சார்ஜ் செய்யக்கூடியது. செலவு குறைவு, பலன் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். தராசோடு ஒரு ஐந்து கிலோ படிக்கல்லும் இருக்கட்டும். எடை போடும் முன் எல்லோரும் பார்க்க அதை வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் வந்தால், வெளி வியாபாரியின் தராசையும் அதே கல்லால் சோதிக்கும் தைரியம் வரும். சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழிக்கும் வழக்கத்தையும் ஒரு காலிச் சாக்கை எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

வியாபாரியை ஒரே நாளில் விலக்க நினைக்காதீர்கள். ஆடி மாதம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கொடுப்பவர் அவர்தான்; நீங்கள் இல்லை. அந்த முன்பணத்துக்கு மாற்றாக ஊர்க் குழுவில் ஒரு சிறு கடன் நிதி உருவாகும் வரை பொருள் அவரிடம்தான் போகும். சென்னைக் கடைக்காரர் 45 நாள் கடனில் வாங்க விரும்புவார். மலையில் எடை போட்ட அன்றைக்கே காசு வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்றரை மாதப் பணத்தை யார் போடுவது என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் முதல் லோடை ஏற்றாதீர்கள். பாரிமுனைக்குப் பக்கத்தில் ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய், நெல்லி வற்றல் விலையை ஊர்ப் பிரதிநிதிகள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், நேரில் வந்து கேட்டுப் போகட்டும். அந்த ஒரு நாள் பயணம் பத்துப் பயிற்சிக்குச் சமம்.

அமைப்பு எது என்பதில் அவசரம் வேண்டாம். காட்டுப்பொருளைப் பதப்படுத்தி விற்க அரசு உதவும் வன் தன் மையம் என்றால் 20 பேர் கொண்ட 15 குழு, மொத்தம் 300 உறுப்பினர், 15 லட்சம் ரூபாய் வரை உதவி. எண்ணிக்கையை நிரப்ப ஒருவருக்கொருவர் முகம் தெரியாத ஊர்களைச் சேர்த்தால் இயந்திரம் வைத்த ஊருக்கு மட்டும் அது சொந்தமாகிவிடும். உற்பத்தியாளர் நிறுவனம் பதிய பத்துப் பேர் போதும், ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்கு அறிக்கை என்று செலவு உண்டு. கோத்தகிரியில் 2013-இல் பதிவான ஆதிமலை என்ற பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்றவை நிற்பதற்குப் பின்னால் நீண்ட காலத் துணை இருந்தது. பழங்குடியினருக்கான லேம்ப் எனும் பல்நோக்குக் கூட்டுறவு சங்கம் உயிரோடு இருக்கும் இடத்தில் அதையே சரிசெய்வது மலிவு. இரண்டு பருவம் சும்மா ஊர்க் குழுவாக வாங்கி விற்றுப் பார்த்துவிட்டுப் பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

மூலிகை அறிவைக் கேட்டு எழுதுகிறவர்கள் நிறுத்தி நிதானமாகச் செய்ய வேண்டும். காணிக்காரர் சொன்ன ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்தில் ஜீவனி என்ற மருந்து வந்து, உரிமத் தொகையில் பாதி காணி அறக்கட்டளைக்குப் போனது 1990-களின் கதை. அதிலும் பங்கு கிடைக்காத காணி ஊர்களின் மனக்குறை மிஞ்சியது. வணிக நோக்கத்தோடு எதையும் பதிவு செய்யும் முன், தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திலும் மாநிலப் பல்லுயிர் வாரியத்திலும் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பதால் உங்களுக்கு இது ஒரு ஷேர் ஆட்டோ தூரம். ஊரில் ஒருவர் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அவர் பேரனிடம் போய்த் தனியாகக் கேட்காதீர்கள்.

கணக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, புளிப் பருவம் முடிந்ததும் சாமை அறுத்ததும், ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும்: வாங்கிய எடை, விற்ற எடை, இடையில் குறைந்தது, வந்த காசு, யார் யாருக்குப் பாக்கி. உங்கள் சம்பளம், பெட்ரோல், தங்கும் செலவையும் அதே பட்டியலில் படியுங்கள். அந்த வரியில் கூட்டம் கொஞ்சம் சலசலக்கும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.